துவாய் போட்ட கதிரை

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பின் மச்சான்,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் கப்பலால் இறங்கிச் சுகமாக வீடு சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. உன் கடிதம் வந்த நேரம் நான் வீதியில் நின்று நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தேன். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. மெஷினால் வெட்டிய நெல் ஈரத்தோடு வருகிறது. இரண்டு வெயிலாவது காட்டாவிட்டால் வாங்குபவன் விலையை அடித்துவிடுவான். பேரன் கைபேசியோடு ஓடிவந்து, "அம்மப்பா, கனடாத் தாத்தா ஒரு புத்தகமே எழுதி அனுப்பியிருக்கிறார்" என்றான்.

பூவரச நிழலில் குந்தியிருந்து முழுவதையும் வாசித்தேன். ஏழு நாள் கரீபியன் கடலில் போய்வந்தவன் கடலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய். தீவுகளுக்கு ஆறு வரி. சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், அது நியாயம். மிச்சம் முழுவதும் கதிரைச் சண்டை! பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பிய பயணத்தில் நீ பார்த்தது இவ்வளவுதானா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று பட்டது.

நான் விளங்கிக்கொண்டது சரியா பார். கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் போகாத நாளில் எல்லோருக்கும் நீச்சல் தடாகத்துப் பக்கம்தான் வேலை. காலை ஆறரைக்கு நீங்கள் மேல்தளத்துக்குப் போகிறீர்கள். சாய்கதிரைகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் கப்பல்காரன் கொடுத்த துவாய். அது பறக்காமல் கிளி உருவத்தில் ஒரு கவ்வி. அதன்மேல் ஒரு தடித்த நாவல், அல்லது ஒற்றைச் செருப்பு. ஆள் மட்டும் இல்லை. தங்கச்சியின் முழங்காலோ நிற்க விடாது. நிழலில் இருந்த ஒரு கதிரையை ஒன்பது மணியிலிருந்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய். யாரும் வரவில்லை. துவாயை எடுத்து, மடித்து, பக்கத்து மேசையில் வைத்துவிட்டுத் தங்கச்சியை இருத்தினாய். பதினொன்றேகாலுக்கு ஒருவன் வந்து, தன் வளவுக்குள் மாடு புகுந்ததுபோலக் கத்தினான். அன்பளிப்புக் காசை எதிர்பார்த்து நிற்கும் பணியாளன் இரண்டு பக்கத்துக்கும் சிரித்துவிட்டு நழுவினான். "நான் செய்தது பிழையா, நீயே சொல்" என்று கேட்டிருக்கிறாய்.

பிழையில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடிதத்தின் வாலில், கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு வரி செருகியிருக்கிறாயே, ஐந்தாம் நாள் விடிய ஐந்தரைக்கே எழும்பிப்போய் நீயும் இரண்டு துவாய் விரித்துவிட்டு வந்து மறுபடி படுத்ததாக! அதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பேரனுக்கும் இந்தக் கதை பிடித்துப்போயிற்று. கைபேசியில் தேடித் தேடி எனக்கு வாசித்துக் காட்டினான். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகன் ஒப் த சீஸ் என்ற கப்பலில் நிறைய ஏற்றினால் 7,600 பயணிகளாம், வேலைக்கு 2,350 பேராம், நீச்சல் தடாகம் மட்டும் ஏழாம். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றைக் கோழி குஞ்சோடு ஏற்றிக்கொண்டு போகலாம். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் தடாகத்தடிக்கு வரமாட்டார்கள் என்ற கணக்கில்தான் கதிரை போடுவார்கள், இடம் அவ்வளவுதான். கார்னிவல் கம்பனிக் கப்பல்களில் ஆளில்லாத கதிரையில் நேரம் குறித்த ஒரு துண்டை ஒட்டிவிடுவார்களாம். நாற்பது நிமிடத்துக்குள் ஆள் வராவிட்டால் சாமான்களை எடுத்துக் காவலில் வைத்துவிடுவார்கள். ரோயல் கரீபியனில் முப்பது நிமிடம். சட்டம் இருக்கிறது, துண்டு ஒட்டுகிற கைக்குத்தான் மனம் வருவதில்லைபோலும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தான். ஜேர்மன் குடும்பம் ஒன்று கிரேக்கத்து ரோட்ஸ் தீவு ஹோட்டலுக்குப் போய், நாள்தோறும் விடியற்காலையிலேயே கதிரைகளைத் துவாய் போட்டுப் பிடித்துவிடுகிறார்கள், நிர்வாகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பயண நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் ஹனோவர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்து, முந்நூறு யூரோவுக்குக் கொஞ்சம் மேலே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. துவாய்க்கு வழக்காடி வென்ற குடும்பம்! உனக்கு இது தெரிந்திருந்தால் என்னிடம் கேட்டிருக்கமாட்டாய், வக்கீலிடம் போயிருப்பாய்.

ஒரு வேடிக்கை பார்த்தாயா? துவாய், கதிரை, சட்டைப்பைக்குள் மடித்து வைக்கிற லேஞ்சி, நாங்கள் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த வாங்கு, எல்லாமே போர்த்துக்கேயன் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொற்கள். இடம் பிடிக்கிற சாமான் முழுவதும் அவனுடையது. இடம் பிடிக்கிற புத்தி மட்டும் நம்முடையது.

நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. எண்பதாம் ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள், கொழும்புக் கோட்டை ஸ்டேஷன். யாழ்தேவி ரயில் மேடைக்கு வந்து நிற்கும் முன்பே ஓடும் பெட்டியின் ஜன்னலால் லேஞ்சி எறிந்தவன் யார்? ஒன்றல்ல, இரண்டு. ஒன்று உனக்கு, மற்றது எனக்கு. ஏறிப் போனால் உன் லேஞ்சிக்குமேல் ஒரு கிழவர் இருந்தார். "தம்பி, இது உங்களுடையதா?" என்று கேட்டு, லேஞ்சியை உருவித் தந்துவிட்டு, அசையாமல் இருந்தார். மதவாச்சி வரை நீ நின்றாய். நான் இருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1990இல் போரால் அந்தப் பாதை அறுந்தது. திரும்பக் கிளிநொச்சி வரை ரயில் வந்தது 2013இல். முதல் கிழமையே ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தேன். தண்டவாளம் புதிது, பெட்டி புதிது. ஜன்னலால் பறந்த லேஞ்சி மட்டும் பழையபடி.

இடம் பிடிப்பது எல்லாமே அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. முறிகண்டியை நினைத்துப் பார். ஏ9 வீதியால் போகிற எந்த பஸ்ஸும் பிள்ளையாருக்கு முன்னால் நிற்காமல் போகாது. சனம் இறங்கும். கால் கழுவி, தேங்காய் உடைத்து, கர்ப்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறும். சீற்றில் ஒரு பை, ஒரு குடை, சில நேரம் பாதி உரித்த தோடம்பழம் கிடக்கும். நின்றுகொண்டு வந்தவன்கூட அதில் இருக்கமாட்டான். போன மாதம் வவுனியாவிலிருந்து வரும்போது பார்த்தேன்: ஒரு பெடியன் தெரியாமல் இருந்துவிட்டான். பின்சீற்றுக்காரி, "தம்பி, அந்த ஆச்சி தேங்காய் உடைக்கப் போயிருக்கிறா, வந்துவிடுவா" என்றாள். பெடியன் எழும்பிவிட்டான். ஆச்சி வந்து, அவனுடைய கையில் ஒரு பிடி கச்சான் வைத்தா. அவ்வளவுதான் விஷயம். ஆள் எங்கே போயிருக்கிறாள், எப்போது வருவாள் என்று பஸ்ஸுக்கே தெரியும். டிரைவர் ஹோர்ன் அடித்தால் கெடு முடிந்தது.

உன்னுடைய கப்பலில் அந்த நாவல்காரன் எங்கே போனான் என்று பக்கத்துக் கதிரைக்காரனுக்குத் தெரியுமா? அவனும் துவாய்தானே.

2009இல் நீ இங்கே இல்லை. போருக்குள்ளால் வந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் நாங்கள் இருந்த பகுதிக்குத் தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விடியுமுன் வாளிகள் வரிசைக்கு வந்துவிடும். எல்லாம் ஒரே மாதிரி வாளி என்பதால் ஒவ்வொன்றுக்கும் அடையாளம்: பிடியில் சேலைக் கிழிசல், நகப்பூச்சால் ஓர் எழுத்து, சூட்டுக் கம்பியால் ஒரு துளை. வாளி இல்லாதவர்கள் கல் வைப்பார்கள். அந்தக் கல்லையும் மற்றவர்கள் காலால் தள்ளித் தள்ளி முன்னுக்குக் கொண்டுபோவார்கள், ஒதுக்கிவிடமாட்டார்கள். ஒருநாள் பச்சைத் துணி கட்டிய வாளிக்கு ஆள் வரவேயில்லை. வரிசை நகர நகர அந்த வாளியும் நகர்ந்து பவுசரடிக்குப் போயிற்று. யாரோ நிரப்பினார்கள், யாரோ ஓரமாக வைத்தார்கள். பின்னேரம் வரை அப்படியே இருந்தது. ஆளைக் காய்ச்சலோடு வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள் என்று தெரிந்ததும் என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்களுடைய கூடாரத்தில் வைத்துவிட்டு வந்தாள். அங்கே சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதே. வாளிச் சண்டையில் மண்டை உடைந்ததும் கண்டிருக்கிறேன்.

2022ஐயும் சொல்லவேண்டும். பெற்றோல் செட் வாசலில் மண்ணெண்ணெய்க் கலன்களைக் கயிற்றில் கோத்து, நாட்கணக்காக விட்டுவைத்த காலம். கலன் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு எண்ணெய் தேவையில்லை. நாளைக்கு இல்லாமல் போய்விடும் என்ற பயம். பிறகு பெற்றோலுக்குக் கியூஆர் குறியீட்டோடு, வாகனத்துக்கு வாரம் இத்தனை லீற்றர் என்று பங்கு வந்ததே, அதோடு வாகன வரிசை மெல்ல மெல்லக் கரைந்துபோயிற்று. பெற்றோல் ஒன்றும் பெருகிவிடவில்லை. தன் பங்கு தன்னைத் தேடி வரும் என்று ஆளுக்கு ஆள் நம்பினார்கள். உன் ஐந்தரை மணித் துவாயும் இந்தச் சாதிதான் என்று நினைக்கிறேன். வெயில் காய்வதற்காக விரித்த துவாயல்ல, பயத்தில் விரித்த துவாய். ஆறரைக்கு எல்லாம் போய்விடும் என்று எல்லோரும் ஐந்தரைக்குப் போனால் ஐந்தரைக்கே எல்லாம் போய்விடுகிறது. ஒரு வாரம் நீட்டியிருந்தால் நடுச்சாமத்தில் எழும்பியிருப்பீர்கள்.

இனி என்னுடைய பாவம்.

நெல் காயவைப்பதற்கு எங்களுக்கு வீதியை விட்டால் வேறு களம் இல்லை. பொலிஸ்காரர் பேசுவார்கள், பேசிவிட்டுப் போவார்கள். முதல்நாள் பின்னேரமே வீதியின் ஒரு பாதியில் கல் வைத்து, காவோலை போட்டு இடம் பிடித்துவிடுவோம். எனக்கு முப்பது காலடி இடம் போதும். ஐம்பது காலடிக்குக் கல் வைத்தேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை; கல் கையில் இருந்தது. மறுநாள் காலை, இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை (கணவன் இல்லை, குத்தகைக்கு அரை ஏக்கர் செய்தவள்) நாலு மூடை நெல்லைச் சைக்கிளில் உருட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு என்னுடைய கடைசிக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, நான் பரப்பியிருந்த நெல் முடிகிற இடத்தில் அளவாக அடுக்கிவிட்டு, தன் படங்கை விரித்தாள். ஒரு கல்லையும் எறியவில்லை. நான் வீட்டிலிருந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கத்தினேன், மச்சான். "என்னுடைய இடம்" என்று கத்தினேன். வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் தார் ரோட்டை!

அவள், "ஐயா, உங்களுக்கு நெல் இருந்தால் இப்போதே எடுக்கிறேன்" என்றாள். என்னிடம் நெல் இல்லை.

இது நடந்து இரண்டு நாளுக்குப் பிறகுதான் உன் கடிதம் வந்தது. அந்தப் பதினொன்றேகால் மனிதனைப் பற்றி நீ எழுதியதை வாசிக்கும்போது அவனுடைய முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் மனைவி பின்னால் நின்று வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அன்று பின்னேரம் அந்தப் பிள்ளைக்கு நெல் அள்ளிக் கட்டப் போனேன். வேண்டாம் என்றாள். மூடை பிடிக்கமட்டும் விட்டாள்.

சரி, வேறு புதினம். அடுத்த கிழமை சிறுபோகக் கூட்டம். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து எத்தனை ஏக்கர் என்று முடிவெடுப்பார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு சத்தம். எனக்கும் கொஞ்சம் சத்தம் இருக்கிறது. வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா. பொங்கல் இரவில் மரத்தடியில் பாய் போடத்தான் வேண்டியிருக்கும். அங்கே ஒரு பாயில் பத்துப் பேர் இருப்பார்கள், யாருடைய பாய் என்று விடியும்வரை தெரியாது. தங்கச்சிக்கு முழங்கால் என்பதால் ஒரு மடக்குக் கதிரை கொண்டுபோவோம். காங்கேசன்துறைக்கும் 2023இல் சென்னையிலிருந்து பயணிகள் கப்பல் ஒன்று வந்தது, தெரியுமா? அதில் ஏறலாமா என்று இப்போதே கேட்காதே.

எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரை இன்னும் இருக்கிறது. புதுத் துணி போட்டுத் தைத்துவைத்திருக்கிறேன், நீ வந்தால் இருப்பதற்கு. ஆனால் இப்போது அதில் நாய் படுக்கிறது. துவாய் போட்டுப் பார்த்தேன். துவாய்க்குமேல் படுக்கிறது.

அன்புடன்,
உன் வாங்குக்காரன்.