கம்பெனி போட்ட பணம் கணக்கில் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊரில் பெரியவர்கள் "அமெரிக்காவில் பி.எஃப். உண்டா?" என்று கேட்டால், இங்கே சின்ன கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் "அதெல்லாம் இல்லை" என்றுதான் சொல்கிறார்கள். நியூ ஜெர்சியில் பல வருஷமாக இருக்கிறேன், இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது.

என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் ஊருக்குத் திரும்ப வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். குப்பைப் பையில் போடவிருந்த, பிரிக்காத கடிதக் கட்டை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் அவர் பெயரில் 401கே கணக்கு, அதாவது கம்பெனி மூலம் நடக்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு, இங்கத்திய பி.எஃப். மாதிரி. "நான் ஒரு டாலர்கூடப் போடலையே அண்ணா" என்றார். போட்டது கம்பெனி. 80,000 டாலர் சம்பளத்துக்கு 3 சதவீதம், வருஷம் 2,400, இரண்டு வருஷத்துக்கு 4,800. மூன்று வருஷம் இருந்தால்தான் கம்பெனி பணம் நமக்கு என்று யாரோ சொன்னதை நம்பி, பார்க்காமலே விட்டிருக்கிறார்.

சாதாரணத் திட்டங்களில் அப்படி இருக்கலாம். ஆனால் அவருடையது போன்ற 'சேஃப் ஹார்பர்' என்ற வகை 401கே திட்டத்தில் அந்தப் பணம் போட்ட நாளிலிருந்தே நம்முடையது (ஊழியரைத் திட்டத்தில் ஆட்டோமேட்டிக்காகச் சேர்த்துவிடும் வகையில் மட்டும் இரண்டு வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம்). கம்பெனி இதைத் தயவுக்காகத் தரவில்லை. இப்படிக் கொடுத்தால், முதலாளியும் பெரிய சம்பளக்காரர்களும் தங்கள் கணக்கில் அதிகமாகச் சேர்க்கிறார்களா என்று வருஷா வருஷம் நடக்கும் சோதனையிலிருந்து கம்பெனிக்கு விலக்கு கிடைக்கிறது.

சேஃப் ஹார்பரிலேயே இன்னொரு வகையில் நாம் போட்டால்தான் கம்பெனி போடும்: சம்பளத்தில் நாம் போடும் முதல் 3 சதவீதத்துக்கு அதே அளவு, அடுத்த 2 சதவீதத்துக்குப் பாதி. 5 போட்டால் 4 வரும், 3-லேயே நிறுத்தினால் 3தான். அதே 80,000-க்கு வருஷம் 800 டாலர் போச்சு. இந்த வகைக்கு, வருஷம் பிறக்க 30 முதல் 90 நாள் முன்பு கம்பெனி திட்டத்தை விளக்கி நோட்டீஸ் தர வேண்டும், அதாவது அக்டோபர், நவம்பரில். நடுவில் நிறுத்துவதென்றாலும் 30 நாள் முன்பே சொல்லியாக வேண்டும்.

எனக்கு வருத்தம் எதில் என்றால், 2019 சட்டம் அந்த 3 சதவீத வகைக்குப் பெரும்பாலும் இந்த நோட்டீஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கம்பெனிக்குக் காகித வேலை மிச்சம், சரி. ஆனால் சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் ஸ்லிப்பிலாவது தெரியும், ஒன்றுமே போடாத ஆளுக்கு எப்படித் தெரியும்? கணக்கு விவர அறிக்கை வரும்தான், அதுவும் அந்தக் கட்டில்தான் கிடந்தது. நோட்டீஸ் யாருக்கு ரொம்பத் தேவையோ அவருக்குத்தான் இல்லை என்றாகிவிட்டது.

உங்கள் வணிகப் பக்கத்தில் இதை எளிய தமிழில் ஒருமுறை எழுதுங்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மா படித்தால், அடுத்த ஞாயிறு போனில் "எச்.ஆரிடம் கேட்டியா?" என்று அவர்களே கேட்பார்கள்.

வாசகர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி