ஹொகுலேயா போன வழியும் ரஜூலா வந்த வழியும்

வணக்கம் ஆசிரியர் ஐயா,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன், பொறந்து வளர்ந்ததெல்லாம் ரப்பர் தோட்டத்து லயத்துலதான். 2007-ல ஹொகுலேயான்னு ஒரு ஹவாய் பாய்மரப் படகு ஜப்பான் தீவுகளுக்குப் போச்சு, அந்தக் கதைய படிச்சதுல இருந்து மனசே சரியில்ல, அதான் எழுதுறேன்.

ரெண்டு படகச் சேத்துக் கட்டின மாதிரி இருக்கும், 19 மீட்டர் நீளம், 1975-ல கடல்ல எறக்கினது. ஹொகுலேயாங்கறது நாம சுவாதின்னு சொல்றோமே அந்த நட்சத்திரம்தான் ஐயா! அது ஹவாய்க்கு நேர் உச்சியில போகும், அத வச்சுத்தான் ஊர் கிட்ட வந்துட்டோம்னு தெரிஞ்சுக்குவாங்க. ஆனா படகு ரெடியானப்போ திசைகாட்டி இல்லாம ஓட்டத் தெரிஞ்ச ஆளு ஹவாய்ல இல்ல, அந்த வித்தையே அங்க விட்டுப்போச்சு. பசிபிக் கடல்ல மைக்ரோனீசியாவுல சத்தவால்னு ஒரு குட்டித்தீவு, அங்கேருந்து மாவ் பியாய்லுக்னு ஒருத்தர் வந்துதான் 1976-ல தாஹித்தித் தீவு வரைக்கும் நட்சத்திரத்தையும் அலையையும் பாத்தே கொண்டு போனாரு, பின்னாடி அவங்களுக்குச் சொல்லியும் குடுத்தாரு. அந்த நன்றிக்கு 2007-ல அவருக்குன்னு ஒரு படகு கட்டி சத்தவால்ல குடுத்துட்டு, அப்புறம்தான் ஜப்பான் பக்கம் போனாங்க.

ஏன் ஜப்பான்னா, 1885-ல ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா 900 பேருக்கு மேல ஜப்பான்ல இருந்து கப்பல் ஏறினாங்க, அப்புறம் வருசா வருசம் வந்துகிட்டே இருந்தாங்க. தோட்டத்துல அவங்களுக்குப் பேரு கெடையாது, நம்பர் அடிச்ச தகடுதான். இத படிச்சதும் எனக்கு விடிவெள்ளி பாத்து எழுந்து, தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கற பெரட்டுக்கு ஓடின எங்க பாட்டிதான் ஞாபகம் வந்தாங்க, செக்ரோல்ங்கற வருகைப் பதிவேட்டுல பேர் விழலன்னா அன்னைக்கு சம்பளம் இல்ல.

அந்தக் கூலிங்க கெளம்பிப் போன ஒக்கினாவா, சுவோ ஓஷிமா மாதிரி ஊருக்கெல்லாம் ஹொகுலேயா போச்சு. நாகசாக்கி, ஹிரோஷிமா போச்சு. உவாஜிமாவுக்கும் போச்சு, 2001-ல ஹவாய் கடல்ல அமெரிக்க நீர்மூழ்கி மோதி அந்த ஊரு மீன்பிடிப் பள்ளிக்கூடக் கப்பல் முழுகி 9 பேர் செத்தாங்க, அதுல 4 பேர் படிக்கிற பசங்க. நம்ம கடல்ல போன உயிருக்கு நாமதான் போய் நிக்கணும்னு அந்த ஹவாய்க்காரங்களுக்குத் தோணிச்சு பாருங்க, அதுதான் பெரிய மனசு. கடைசியா ஜூன்ல யோக்கோஹாமா.

நம்ம கப்பல் கதைய யாரு எழுதி வச்சா? எங்க பாட்டி நாகப்பட்டினத்துல ரஜூலாங்கற கப்பல் ஏறி பினாங்கு வந்தவங்க, டெக்குல பாய் விரிச்சுப் படுத்தது, நோய் பரவக்கூடாதுன்னு பினாங்கு பக்கத்து ஜெரெஜாக் தீவுல அடைச்சு வச்சதுன்னு சொல்லுவாங்க, நான் அப்ப சின்னப்பொண்ணு, பாதி காதுல வாங்கல, இன்னைக்கு எந்தக் கிராமம்னுகூட எனக்குத் தெரியாது. கேக்காம விட்டது என் தப்புதான்.

அதனால வாராவாரம் ஒரு அரைப்பக்கம் ஒதுக்குங்க ஐயா, கப்பல்ல வந்த பெரியவங்க சொல்றத அவங்க பேச்சுலயே போடுங்க. எங்க பக்கத்துத் தாமான் குடியிருப்புல அப்படி ரெண்டு பேர் இருக்காங்க, உங்க நிருபர அனுப்பினா நானே கூட்டிட்டுப் போறேன், கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க, போன தீபாவளிக்கு மூணு பேர் இருந்தாங்க.

ஒரு வாசகி,
சுங்கை சிப்புட்