வெறுங்கூண்டும் ஒரு சூழல்தான்

அன்புள்ள கதிருக்கு,

நலம். ஹன்டிங்டன் நோய் (உடல் அசைவைக் குலைக்கும் பரம்பரை மூளை நோய்) வரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளின் கூண்டில் என்னென்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். அட்டைக் குழாய், கூடு கட்டக் காகிதம், ஏணி, ஓட்டச் சக்கரம் எல்லாம் போடலாம். ஆனால் அதைவிட, அவற்றை எதோடு ஒப்பிடப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய்.

2000இல் 'நேச்சர்' இதழில் வான் டெல்லன், ஹன்னன் குழுவினர் காட்டியது நினைவிருக்கும். அட்டையும் காகிதமும் பிளாஸ்டிக்கும் போட்ட கூண்டில் வளர்ந்த ஆர்6/1 என்ற வகைச் சுண்டெலிகளுக்கு உடல் அசைவுக் கோளாறுகள் தள்ளிப்போயின. மரபணு அதேதான். அசைவுக்கு உதவும் மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தில் குறைந்திருந்த, நரம்பணுக்களைக் காக்கும் பிடிஎன்எஃப் புரதம் இப்படி வளர்ந்தவற்றில் மீள்வதை 2004இல் கண்டார்கள். இதற்கிடையில் ஆர்6/2 என்ற இன்னொரு வகைச் சுண்டெலியில் செய்த சோதனையில், கொஞ்சம் பொருள் போட்டதற்கே பலன் தெரிந்தது. எனக்கென்னவோ, மரத்தூள் மட்டும் போட்ட கூண்டுதான் நோயை முடுக்கிவிடுகிறது என்று தோன்றுகிறது. அதனால் வெறுங்கூண்டு, கூடு கட்டும் காகிதம் மட்டும், எல்லாம் நிறைந்தது என மூன்று பிரிவு வை.

ஒரே ஈற்றுக் குட்டிகளை மூன்றுக்கும் பிரித்துவிடு. தலைமுறை மாறினால் சிஏஜி அடுக்கின் (நோய் மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் மூன்றெழுத்துத் தொடரின்) நீளமும் மாறும். ஆர்6/2இல் அது மிக நீண்டுவிட்டால் நோய் தாமதமாகத்தான் வரும். ஒவ்வொன்றிலும் நீளத்தை அளக்காவிட்டால் அந்தத் தாமதத்தைக் கூண்டின் கணக்கில் எழுதிவிடுவாய்.

ஆண் எலிகள் சண்டை போடும். தாயிடமிருந்து பிரிக்கும்போதே சேர்த்து வை, பிறகு புதிதாக எதையும் உள்ளே விடாதே. பொருள்களை மாற்றும் நாளில் பழைய கூட்டில் ஒரு பிடியைப் புதுக் கூண்டுக்குக் கொண்டுபோ. பழகிய வாசனை போனால் கடி தொடங்கிவிடும். நோய் முற்றியவை மேலே இருக்கும் தீவனத்தை எட்டாது. ஊறவைத்த தீவனத்தை எல்லாப் பிரிவுக்கும் தரையில் வை, இல்லாவிட்டால் பட்டினியை நோய் என்று எண்ணிவிடுவாய்.

ரோட்டாராடில் (எலி விழாமல் நடக்க வேண்டிய சுழலும் தண்டில்) 5 நிமிடத்தில் நிமிடத்துக்கு 4 சுற்றிலிருந்து 40க்கு ஏற்று. அன்றன்றே எடை பார்; கனமானது சீக்கிரம் விழும். கையாளுவதும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இருக்கட்டும்.

மனிதர்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். இந்த நோயுள்ள வெனிசுவேலக் குடும்பங்களில், நோய் தொடங்கும் வயதில் சிஏஜி நீளத்தால் விளங்காத மிச்ச வேறுபாட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் சூழலைச் சேர்ந்தது என்று 2004இல் கணக்கிட்டார்கள். எந்தச் சூழல் என்று அந்த எண் சொல்வதில்லை. குறுக்கெழுத்துப் போடுங்கள், நோய் தள்ளிப்போகும் என்று அதை வைத்து யாருக்கும் சொல்லிவிடாதே.

திட்டம் தயாரானதும் பிரிவுக்கு எத்தனை என்று எழுது.

அன்புடன்,
மணி