சட்டம் படிக்கிறவர்களுக்கு அதன் கதையும் தெரியட்டும்

சமூகப் பணியாளர்களை ஒழுங்குபடுத்தும் சோஷியல் ஒர்க் இங்கிலாந்து அமைப்பில் படிப்புகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெற்றோரிடம் இல்லாமல் உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பில் வளரும் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும்போது அதன் மதம், இனம், பண்பாடு, மொழி எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம். தமிழ்ப் பிள்ளை ஒன்று அந்நிய வீட்டில் வளர நேர்ந்தால், அதன் மொழிக்கு என்ன வழி என்று நாங்கள் கேட்க முடிவதும் அதனால்தான். இந்தப் பிரிவு யாருடைய உழைப்பால் வந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

எழுபதுகளில் கறுப்பினப் பிள்ளைகள் பலர் கவுன்சிலின் சிறுவர் விடுதிகளிலேயே வளர்ந்தார்கள். அவர்களை வளர்க்கவோ தத்தெடுக்கவோ கறுப்பினக் குடும்பங்கள் முன்வருவதில்லை என்று காரணம் சொன்னார்கள். சரி, யாராவது போய்க் கேட்டார்களா? 1975இல் லண்டனில் தொடங்கிய 'சோல் கிட்ஸ்' பிரசாரம் கேட்டது. 1980இல் தெற்கு லண்டனின் லாம்பெத்தில் வந்த 'நியூ பிளாக் ஃபேமிலீஸ்' பிரிவில் கறுப்பினப் பணியாளர்களே தேடினார்கள், குடும்பங்கள் கிடைத்தன. வெள்ளை நடுத்தர வர்க்க வீட்டை மனத்தில் வைத்துப் போட்ட அளவுகோல்தான் அதுவரை குறுக்கே நின்றது.

1983இல் ஜான் ஸ்மால் போன்ற கறுப்பினச் சமூகப் பணியாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் கொடுத்தார்கள். மறு வருடம், விடுதிகளில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களே மாநாடு கூட்டிப் பேசினார்கள். தங்கள் தலைமுடியையும் தோலையும் பராமரிக்கத் தெரியாதவர்களிடம் வளர்ந்தவர்கள் அவர்கள்.

இதையெல்லாம் செய்த பணியாளர்களின் நிலை என்ன? பலருடைய வேலை, 1966ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு மானியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சம்பளத்தில் 75 சதவீதம் உள்துறையிலிருந்து வந்தது. மானியம் நின்றால் வேலையும் போகும். கறுப்பினக் குடும்பம் என்றாலே கோப்பு அவர்கள் மேசைக்கு வரும், பதவி உயர்வு வராது.

2014இல் இங்கிலாந்தில் தத்தெடுப்புக்கு மட்டும், மதம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கினார்கள். பொருத்தமான வீடு தேடி ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் காக்க வைப்பது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் நீக்கிய பிறகும் கறுப்பினப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிகம் காத்திருக்கிறார்கள்.

அன்று உழைத்த அந்தத் தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர்களின் குரலைப் பதிவு செய்ய நிதி ஒதுக்குங்கள். அடுத்த முறை ஒரு படிப்புக்கு அனுமதி கொடுக்கும்போது, இந்த வரலாறு பாடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
லண்டனில் வாழும் ஒரு தமிழ்ச் சமூகப் பணியாளர்