நம்ம இருளர் சங்கத்தோட 2024-25 ஆண்டறிக்கை (செயலாளர்)

பெரியவங்க, சொந்தங்க எல்லாருக்கும் வணக்கம். வருஷத்துல நாலு கூட்டம் நடந்துச்சு. எஸ்.டி. சர்டிபிகேட் கேம்ப் ஒண்ணு, பசங்களுக்கு நோட்டு புக்கு குடுத்தது ஒண்ணு, ரெண்டும் நல்லபடியா முடிஞ்சுது.

நான் முழுசா இறங்கி செஞ்சது, மாமல்லபுரம் கடற்கரையில மணல் எவ்வளவு மிஞ்சியிருக்குனு அளக்குற வேலைதான். இது எதுக்குனு கமிட்டியிலயே கேட்டீங்க, அதனால விவரமா சொல்லிடுறேன். மாசி மகத்துக்கு செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம்னு எல்லா பக்கத்துல இருந்தும் நம்ம இருளர் ஜனம் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, புடவையில கூடாரம் கட்டி தங்கி, கோவிச்சுக்கிட்டு கடலுக்குள்ள போன நம்ம சாமி கன்னியம்மாவ கூப்பிட்டு, விடியக்காலம் மணல்ல ஏழு படி கட்டி பூஜை போட்டு அங்கயே கல்யாணமும் முடிக்கிறோம். நம்ம கோயிலே மணல்தான். அலை எடுத்துக்கும், அடுத்த வருஷம் திரும்ப கட்டுவோம். கடற்கரை கோயிலுக்கு கல்லு கொட்டி காப்பாத்தினாங்க, சந்தோஷம், ஆனா கரையே போயிட்டா நாம எங்க படி கட்டுறது?

நம்ம பக்கம் கடல் வருஷத்துல பாதிக்கு மேல மணல தெக்க இருந்து வடக்க தள்ளும். தூண்டில் வளைவு, அதாவது கரையில இருந்து கடலுக்குள்ள நீட்டுற கல்லு சுவர், போட்டா மணல் தெக்கால சேரும், வடக்கால அரிக்கும். சென்னை துறைமுகம் வந்தப்புறம் மெரினா அகலமாச்சு, ராயபுரம் பக்கம் அரிச்சுது. மழைக்காலத்துல போற மணல் வெயில் காலத்துல கொஞ்சம் திரும்பி வரும், அதனால ஒரு நாள் பாத்துட்டு எதுவும் சொல்ல முடியாது. பௌர்ணமிக்கு கடல் ஏத்தம் அதிகம், மாசி மகமும் பௌர்ணமியிலதான், அன்னைக்கு மிஞ்சுற மணல்தான் நமக்கு கணக்கு. அதான் ஒவ்வொரு பௌர்ணமியும் ஒரே இடத்துல நின்னு போட்டோ எடுத்து டேப்பு பிடிக்கிறேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்த மறுநாள் போனா, மணல் மேடு கத்தியில வெட்டினாப்புல செங்குத்தா நின்னுச்சு.

2004 சுனாமி மணல வாரினப்புறம்தான் மாமல்லபுரம் பக்கத்துல இருக்குற சாளுவன்குப்பத்துல முருகன் கோயில் தெரிஞ்சுது, தோண்டினா பல்லவர் காலத்து கோயிலுக்கு அடியில அதவிட பழைய செங்கல் கோயில். நம்ம மணல் படிய எவனும் தோண்டி எடுக்க முடியாது, நாமளே எழுதி வெச்சாத்தான் உண்டு. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில பாரம்பரிய இடங்கள சி.ஆர்.இசட் ஒண்ணு-ஏல, அதாவது ரொம்ப கண்டிப்பா பாதுகாக்க வேண்டிய கடலோர இடங்கள் பட்டியல்ல, சேர்த்திருக்காங்க. நம்ம இடத்தையும் வரைபடத்துல குறிங்கனு மனு குடுத்தேன், பதில் இல்ல, மறுபடி குடுப்பேன்.

மனசு வலிக்கிறது வேற. அளக்க பேர் குடுத்தது பன்னெண்டு பேரு, வந்தது ரெண்டு பேரு. ரெண்டு பௌர்ணமிக்கு டேப்போட மறுமுனைய என் பொண்ணு ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி வந்து பிடிச்சா. சந்தா பாதி பேர் கட்டல, போட்டோ பிரிண்ட் செலவு நானே போட்டேன்.

வரவு செலவு பொருளாளர் நோட்டுல இருக்கு, பெரிய மிச்சம் இல்ல. இடம் குடுத்தவங்க, மைக் செட் தம்பி, தலைவர், எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் வேற யார் பொறுப்பு எடுத்தாலும் நோட்டு, போட்டோ எல்லாம் குடுத்துடுறேன், ஆனா அளக்குறது மட்டும் நிக்கக்கூடாது. சித்ரா பௌர்ணமி காலைல எட்டு மணிக்கு கரையில இருப்பேன், டேப்பு என்கிட்ட இருக்கு, மறுமுனைய பிடிக்க ஒருத்தர் வாங்க.