கண்மாய்க்குள் வந்த பண்ணை மீன்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள், கரையோரத் தெருக்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள், தாய்மார்கள், தம்பிமார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் கண்மாய் மீன்பிடிப்போர் சங்கத்தின் இந்த ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு மாதம் தவறாமல் கூடியது. வைகாசியில் மட்டும் கோயில் திருவிழாவால் கூட்டம் நடக்கவில்லை. மடைப் பலகை மாற்றியது, கரையில் சீமைக் கருவேலம் வெட்டியது, உறுப்பினர் குடும்பங்களுக்கு ஈமச்சடங்கு உதவி கொடுத்தது எல்லாம் பொருளாளர் வாசிக்கப்போகும் வரவு செலவில் இருக்கிறது. இந்த அறிக்கையில் நான் பேசப்போவது பெரும்பாலும் ஒரே விஷயம். அது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஐப்பசி அடைமழையில், நம் வரத்துக்காலுக்கு மேற்கே இருக்கும் ஒரு மீன் பண்ணையின் குட்டைக்கரை ராத்திரியோடு ராத்திரியாக உடைந்தது. விடியற்காலையில் அயிரைக்குத் தூரி என்னும் மீன் பொறி வைத்திருந்த நம் ஆட்கள் தூக்கிப் பார்த்தபோது உள்ளே கருப்புக் கருப்பாகக் கெளுத்தி நெளிந்தது. முதலில் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. நானும் ஒரு நிமிஷம் நல்ல வரத்து என்றுதான் நினைத்தேன். தலையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. கொத்தனார் கரண்டி மாதிரி தட்டையான அகலத் தலை, 8 மீசை, முதுகில் தலைக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் விட்டுப்போகாமல் ஓடும் ஒரே துடுப்பு. ஆப்பிரிக்கக் கெளுத்தி.

மூன்று வாரம் கழித்து, வலையில் விழுந்த ஒரு பெரிய மீனை என் வீட்டு வாசலில் வைத்து அறுத்தோம். வயிற்றில் ஒரு தவளை, சேறோடு சேர்ந்த அயிரைகள், அதற்கு மேல் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுகள். கண் கூட இன்னும் கரையவில்லை. குஞ்சுக் கூட்டத்தின் அடியிலேயே சுற்றிச்சுற்றி வந்து காவல் காக்கிற மீன் விரால். கை நீட்டினால் கையைக் கடிக்க வரும். அப்படிக் காத்த குஞ்சுகள்தான் அந்த வயிற்றில் கிடந்தன. என் பேத்தி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

இந்த மீனை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-லேயே தடை விதித்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது. கோழிக்கழிவைப் போட்டால்கூடத் தின்று சில மாதங்களில் கிலோக் கணக்கில் ஏறும். அதனால்தான் இன்னும் சிலர் மறைவாக வளர்க்கிறார்கள். செவுளுக்கு மேலே மரக்கிளை மாதிரி ஓர் உறுப்பு இருப்பதால் காற்றைக் குடித்தே உயிர் பிழைக்கும். கோடையில் கண்மாய் சேறாக வற்றும்போது மற்ற மீன் மிதக்கும், இது மிதக்காது. மழை ஈரத்தில் பக்கத்துடுப்பு முள்ளை ஊன்றித் தரையில் நகர்ந்து அடுத்த பள்ளத்துக்கும் போய்விடும். நன்கு வளர்ந்த ஒரு தாய் மீன் ஒரே தடவையில் பல்லாயிரம் முட்டை இடும். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குள் புகுந்த இந்தக் கெளுத்தியை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அங்கே பறவைகளுக்கான மீனைத் தின்றது, இங்கே நம் சட்டி மீனைத் தின்கிறது.

நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் இல்லை என்பதை இளையவர்கள் மனதில் வைக்க வேண்டும். மேல்கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்னும் வழிந்தோடும் வாய் வழியே மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குப் போகும். நம் முன்னோர் தண்ணீருக்காகக் கட்டிய சங்கிலி இது. ஒரு குட்டையில் உடைந்த மீன் நம்மோடு நிற்காது. நமக்குக் கீழே உள்ள ஊர்க்காரர்களுக்கும் போய்ச் சேரும். கார்த்திகையில் நம் கலுங்கு பாய்ந்தபோது அவர்களுக்கு ஆள் அனுப்பித் தகவல் சொன்னோம். அதைக்கூடச் செய்யாமல் இருந்திருந்தால் மேற்கே இருக்கிறவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இருக்காது.

தை மாதம் மீன்வளம் படித்த பேராசிரியர் ஒருவர் நம் அழைப்பை ஏற்று வந்து, ஆலமரத்தடியில் இரண்டு மணி நேரம் பேசினார். வராதவர்களுக்காக அதில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

தப்பிப் போகும் மீன் தின்று தீர்ப்பது ஒரு சேதம். நம் மீனோடு சேர்ந்து குஞ்சு பொரிப்பது வேறு வகைச் சேதம், அது கண்ணுக்குத் தெரியாது. தாய்லாந்தில் உள்ளூர்க் கெளுத்தியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் கலந்து ஒட்டு மீன் உண்டாக்கிப் பண்ணைகளில் வளர்த்தார்கள். அது தப்பி ஆற்றுக்குள் போனது. பிறகு சோதித்தபோது, காட்டில் பிடித்த உள்ளூர்க் கெளுத்தியிலும் ஆப்பிரிக்க மீனின் மரபணு இருந்தது. அயர்லாந்தில் புரிஷூல் ஆற்றில் சால்மன் மீனை வைத்து ஆய்வு செய்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். பண்ணை மீனின் முட்டையிலிருந்து வந்தவை, முட்டைப் பருவம் தொடங்கிக் கடலுக்குப் போய்த் திரும்புவது வரை பிழைத்தது, ஆற்று மீனோடு ஒப்பிட்டால் வெறும் 2%. கலப்புக் குஞ்சுகளும் ஆற்று மீன் அளவுக்குத் தாங்கவில்லை. தொட்டியில் சீக்கிரம் கொழுக்கத் தேர்ந்தெடுத்த மீனுக்கு ஆற்றுப் பிழைப்பு தெரியாது. ஆனால் செத்துப்போவதற்கு முன் ஆற்று மீனின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கலந்தால் அதன் வம்சத்தையும் பலவீனமாக்கும். வருஷா வருஷம் தப்பிக்கொண்டே இருந்தால் ஆறு எப்படித் தேறும்?

அப்புறம் ஜிலேபி, அதாவது திலாப்பியா மீன். நம்மில் பலர் அதை நாட்டு மீன் என்றே நினைக்கிறோம். அது மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ல் தான் இந்தியாவுக்கு வந்தது. பரப்ப வேண்டாம் என்று 1959-லேயே சொல்லிவிட்டார்கள், அதற்குள் கை மீறிவிட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பதால் சேதாரம் குறைவு. இரண்டு மூன்று மாதத்திலேயே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். கண்மாய் முழுக்க உள்ளங்கை அளவு ஜிலேபியாக நிறைந்து, கெண்டைக்கும் உளுவைக்கும் இடமில்லாமல் போனதை என் அப்பா காலத்து ஆட்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பேராசிரியர் சொன்னதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது இதுதான்: அதே ஜிலேபி தன் சொந்த ஊரான தென்னாப்பிரிக்க லிம்போபோ ஆற்றில் இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறது. பண்ணைக்காகக் கொண்டுபோன நைல் திலாப்பியா தப்பி, அதோடு கலந்து, அசல் இனமே அருகிக்கொண்டிருக்கிறது. இங்கே நம் மீனை விரட்டிய மீனுக்கு அங்கே அதே கதி.

2018 வெள்ளத்தில் கேரளத்தில் நடந்ததையும் சொன்னார். பண்ணைகளும் தொட்டிகளும் உடைந்து, அமேசான் அரபைமா சாலக்குடி ஆற்று வலையில் விழுந்தது. வெள்ளத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளம் வரும் இடத்தில் குட்டை வெட்டியதுதான் தப்பு.

நம் பக்கத்துத் தவறையும் இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும். ஆவணியில் நாம் இருப்பு விட்ட குஞ்சுகளை ஒரு வியாபாரியிடம் எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கினோம், ரகம் பார்க்கவில்லை. கட்லா, ரோகு என்று நம்பி விட்டதில் ஜிலேபிப் பொடிக்குஞ்சும் கலந்திருந்தது. கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள்தான். ஆனால் தேங்கிய தண்ணீரில் அவை முட்டையிட்டுப் பெருகாது, விட்டதைப் பிடித்தால் கணக்கு முடிந்துவிடும். ஜிலேபிக்கு அந்தக் கணக்கு கிடையாது. இனிமேல் குஞ்சு வாங்கும்போது வெள்ளை வாளியில் கொட்டி, விவரம் தெரிந்த மூன்று பேர் பார்த்த பிறகே விட வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்திருக்கிறது.

பண்ணை பற்றி எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். மூன்று முறை நடந்தோம். கடைசியில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். குட்டையில் மிச்சமிருந்த மீன் அழிக்கப்பட்டது. கண்மாய்க்குள் வந்துவிட்டதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. நாம் செய்தது, பிடித்த எதையும் திரும்ப விடாததுதான். பங்குனி மீன்பிடித் திருவிழாவில் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசித் தொடங்கி வைப்பதற்கு முன்பே ஒலிபெருக்கியில் சொன்னோம்: கெளுத்தி எந்த அளவில் மாட்டினாலும் தண்ணீரில் விடாதீர்கள், சினை விரால் மாட்டினால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஊத்தா என்னும் மீன்பிடிக் கூடையோடு வந்த வெளியூர்க்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு நம் நன்றி. அன்றைக்குச் சட்டி மணக்கும் அளவுக்கு அயிரை கிடைத்த வீடுகள் குறைவு.

இன்று பொதுக்குழு ஒப்புதலுக்கு வருவது வரத்துக்கால் வாயில் கம்பிவலை. இதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணைச் சிறிதாக வைத்தால் வைக்கோலும் தழையும் அடைத்துக் கரைக்கே ஆபத்து. தண்ணீரை எதிர்த்து ஏறும் நம் அயிரையும் முட்டி நிற்கும். ஓர் அங்குலக் கண் வைத்தால் அயிரை ஏறும், பெரிய கெளுத்தி இறங்காது, பொடிக் கெளுத்தி வந்துவிடும். ஓர் அங்குலமே போதும் என்பது என் கருத்து. பொடியைத் தடுக்கும் வலை பண்ணைக்காரர்களின் வடிகாலில்தான் இருக்க வேண்டும், அதைக் கேட்டு மனுவும் தயாராக இருக்கிறது. வலையைப் புரட்டாசிக்குள் பொருத்திவிடலாம். மழை ராத்திரிகளில் தழை எடுத்துவிட முறைக்கு இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுக்கிறவர்கள் சாப்பாடு முடிந்து கிளம்புவதற்குள் பொருளாளர் நோட்டில் எழுதிவிடவும். ஐப்பசி முதல் வாரத்துக்கு என் பெயரை எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்