கரையில் கிடக்கும் கொங்கிறீற்று எந்தப் போருடையது?

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வரலாறும் புவியியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ஒரு வேலையை உங்கள் கையில் ஒப்படைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். வாகரை முதல் பொத்துவில் வரை நம் கரையோரத்தில் மணலுக்குள்ளும் தாழம் பற்றைக்குள்ளும் பழைய கொங்கிறீற்றுத் துண்டுகள் கிடக்கின்றன. ஊரில் ஒருவரைக் கேட்டால் "வெள்ளைக்காரன் பீரங்கி வைத்த இடம்" என்பார். அடுத்தவர் "இல்லை, ஆமியின் பங்கர்" என்பார். இன்னொருவர் இந்தியப் படை நின்ற காலத்தைச் சொல்வார். மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். படைகள் நல்ல இடத்தை விடுவதில்லை. ஒருவர் விட்டுப் போனதில் அடுத்தவர் ஏறி இருப்பார். எது எந்தக் காலத்தது என்று சான்றோடு பிரித்துப் பதிவு செய்யும் ஆட்பலம் உங்கள் மாணவர்களிடம்தான் இருக்கிறது.

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அதற்குத் துணையாக வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸோடு முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிச் சென்றது. ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும் அந்தக் கப்பலைப் பார்க்க உலகின் எங்கெங்கோ இருந்து சுழியோடிகள் வருகிறார்கள். கடலடியில் கிடப்பதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கரையில் கிடப்பதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சட்டமும் இதற்குப் பெரிதாகக் கைகொடுக்காது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்தே தொல்பொருள் எது என்று சொல்கிறது. ஆகவே மட்டக்களப்புக் கோட்டையில் இருக்கும் பழைய பீரங்கிகளுக்கு ஒரு காவல் உண்டு. 1940களின் கொங்கிறீற்றுக்கு அது தானாகக் கிடைக்காது. வீதி அகலும்போதும் விடுதி எழும்பும்போதும் ஒரு காலைப்பொழுதில் இயந்திரம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னால் ஒரு பதிவாவது இருக்க வேண்டும்.

பதிவு என்று நான் சொல்வது முகநூலில் ஒரு படமும் "இரண்டாம் உலகப்போர் பீரங்கித் தளம்" என்ற ஒரு வரியும் அல்ல. நில அளவை வேலையில் காலம் கழித்தவன் என்பதால், படத்தையும் நிலத்தையும் பொருத்திப் பார்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய படம் ஒன்று கிடைத்தால் அதன் கீழே எழுதியிருக்கும் குறிப்பை முதலில் மூடி வையுங்கள். அந்தக் குறிப்புகள் பல, இந்த ஊரைக் கண்ணால் காணாதவர்கள் எழுதியவை. படத்தில் நகராத பொருள் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். தென்னை உதவாது, 1978 சூறாவளியில் விழுந்த தென்னைகளுக்குக் கணக்கே இல்லை. பாலமீன்மடு வெளிச்சவீடு தெரிந்தால் படம் 1913க்குப் பிந்தியது. கல்லடியின் இரும்புப் பாலம் தெரிந்தால் 1924க்குப் பிந்தியது. மேற்கே குடும்பிமலையின் உருவம் மங்கலாகத் தெரிந்தாலும் போதும், படம் பிடித்தவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றார் என்று தெரிந்துவிடும். வெளிச்சவீடும் பின்னால் ஒரு கோபுரமும் படத்தில் ஒன்றை ஒன்று மறைத்து நின்றால், அவை இரண்டையும் தொடும் கோட்டை வரைபடத்தில் நீட்டுங்கள். அந்தக் கோட்டில் எங்கோதான் கமரா நின்றிருக்கிறது. இதேபோல் இன்னொரு சோடி கிடைத்தால் இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் அவர் நின்ற இடம். பிறகு அங்கே போய் நின்று பாருங்கள்.

நிழலையும் விடாதீர்கள். நம் ஊரில் ஆனி மாத நண்பகல் நிழல் தெற்கே விழும், மார்கழியில் வடக்கே விழும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அப்போது எடுத்த படத்தில் நிழலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சில படங்கள் எவ்வளவு புகழ்பெற்றவையாக இருந்தாலும் இடம் சொல்லாது. ஹேர்மிஸ் மூழ்கும்போது ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த படம் அப்படிப்பட்டது. கப்பலும் புகையும் கடலும் இருக்கின்றன, கரை இல்லை.

கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு 1956இல் விமானத்திலிருந்து எடுத்த வான்படங்களை உங்கள் துறைகள் கேட்டு வாங்க வேண்டும். உலகப்போர் முடிந்து பதினொரு ஆண்டில் எடுத்தவை, சூறாவளிக்கும் சுனாமிக்கும் முந்தியவை. 1:40,000 அளவில் பத்து மீற்றர் அகலப் பீரங்கிக் குழி கால் மில்லிமீற்றர் புள்ளியாகத்தான் தெரியும். குழியைத் தேடாதீர்கள், அதற்குப் போன பாதையைத் தேடுங்கள். குடியிருப்பும் வயலும் இல்லாத இடத்தில் நேராகப் போய்ச் சட்டென்று முடியும் பாதை ஏதோ ஒன்றுக்காகப் போடப்பட்டது. இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்கிழக்காசியப் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளில் ஒருவர் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்பலாம்.

இனி நிலத்தில். கரையோரப் பீரங்கி நின்ற மேடையில் வட்டமாகப் பதித்த தடித்த போல்ட்டுகள் இருக்கும். அறுத்து எடுத்திருந்தாலும் துருப்பிடித்த துளைகள் மிஞ்சும். பக்கத்துச் சுவரில் குண்டு அடுக்கிய மாடங்கள் இருக்கும். 3.7 அங்குல விமான எதிர்ப்புப் பீரங்கிகளைப் பெரும்பாலும் நான்கு நான்காக, ஒரு கட்டளை அறையைச் சுற்றி வைத்தார்கள். ஆகவே ஒரு குழி கண்டால் மற்ற மூன்றையும் தேடுங்கள். தனிக் குழி ஒன்றுக்குப் பெரிய பெயர் சூட்ட வேண்டாம். பின்னாளைய காவலரணில் சீமெந்துக் கல், தென்னங்குற்றி, மண்மூட்டையின் அச்சு தெரியும். அது பெரும்பாலும் கடலைப் பார்க்காது. வீதியையோ பாலத்தையோ சந்தியையோ பார்க்கும். முதலில் திருகோணமலைக்குப் போய், இடமும் காலமும் சந்தேகமில்லாமல் தெரிந்த மேடைகளை அளந்துவிட்டு வந்தால் மாணவர்களின் கண் பழகிவிடும். கடற்படையின் அனுமதியைப் பல்கலைக்கழகம் கேட்டால் கிடைக்கும், தனி ஆளுக்கு அது கடினம்.

கரை நகர்ந்திருப்பதையும் கணக்கில் எடுங்கள். ஒலுவில் துறைமுகம் கட்டிய பின் கடல் எவ்வளவு நிலத்தைத் தின்றது என்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்று அலைக்குள் கிடப்பது அன்று மேட்டில் நின்றிருக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தது இல்லை என்று தெரிந்தவுடன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு வராதீர்கள். நம் போரின் காவலரண்களையும் அதே கவனத்தோடு எழுதுங்கள். சில வீட்டாருக்கு அந்த இடம் பிள்ளையைக் கடைசியாகக் கண்ட இடம். அனுமதி கேட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிட்டுப் போங்கள், பகலில் போங்கள், மண்ணைத் தோண்டாதீர்கள். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று அறிவித்த மாவட்டத்திலும் தோண்டுவது மாணவர் வேலை அல்ல.

1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர்களிடம் "இங்கே பீரங்கி இருந்ததா?" என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் தருவார்கள். "லொறி எங்கே வந்து நிற்கும்? எந்தப் பக்கம் மாடு கொண்டுபோக விடமாட்டார்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு பகுதிக்கு அடுத்த கல்வியாண்டு வரை காத்திருக்க வேண்டாம். வான்படத்துக்கான விண்ணப்பமும் நாட்குறிப்பும் தாமதித்து வந்தாலும் கிடைக்கும்.

வரைபடத்தில் கோடு போடவும் அளவு எடுக்கவும் பழக்க ஆள் தேவை என்றால் நான் வருகிறேன். வந்தாறுமூலைக்கும் வருவேன், ஒலுவிலுக்கும் வருவேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நில அளவைப் பணியாளர்